அறுநூறு படுக்கை

மே 28

கௌசிகாவின் பி.பார்ம் முடிவு வந்துவிட்டது. முதல் வகுப்பு. சம்பூர்ணம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கொடுத்துவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி, "இனி ஜாதகத்தை வெளிய எடுத்துரலாமுங்க" என்றாள். பெற்றவளுக்கு அதுதான் அடுத்த பாடம்.

கௌசிகாவோ இன்னும் மூன்று வருஷம் படிக்க வேண்டும் என்கிறாள். ஃபார்ம் டி. இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டோடு சேர்ந்த படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. அது முடிந்தபின் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி. வருஷத்துக்கு நாலைந்து பேரைத்தான் எடுப்பார்களாம்.

"அதுல என்ன அம்மணி வேலை?" என்றேன்.

"டாக்டருங்க ரவுண்ட்ஸ் போறப்ப கூடவே போகோணுமுங்கப்பா. எந்த மருந்து எவ்வளவு, எதோட எது சேரக்கூடாதுன்னு நம்மளைக் கேட்டுட்டுத்தான் எழுதுவாங்க."

டாக்டர் கேட்டுவிட்டு எழுதுவாராம்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக என் தலைமுடி நரைத்துவிட்டது. கம்பிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மாத்திரை கிள்ளிக் கொடுக்கிறேன். ஊர் ஜனங்களுக்கு நான் கம்பவுண்டர். கௌசிகாவைவிட நாலைந்து வயது மூத்த எங்கள் டாக்டரம்மாவுக்கு நான் "அர்த்தநாரி, அந்த ஃபேனைப் போடுங்க." இன்றைக்குவரை எந்த டாக்டரும் என்னை எதுவும் கேட்டு எழுதியதில்லை. மகளுக்காவது அது நடக்கட்டும். ஜாதகம் பெட்டியிலேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

"அந்த இன்டர்வியூவுல மார்க்கைப் பாக்க மாட்டாங்கப்பா. எத்தனை நோயாளியை அட்மிஷன்ல இருந்து டிஸ்சார்ஜ் வரைக்கும் கூட இருந்து பாத்தே, மருந்துல என்ன தப்பைக் கண்டுபுடிச்சேன்னுதான் கேப்பாங்க. அதனால காலேஜை விட அதோட ஆஸ்பத்திரிதான் முக்கியம்" என்றாள்.

ஆஸ்பத்திரியை என்னிடம் விட்டுவிடு என்றேன். பாம்பின் கால் பாம்பறியும்.

ஜூன் 3

இன்று டி.டி. இன்ஸ்பெக்‌ஷன். மாவட்ட சுகாதாரத் துணை இயக்குநர் வருகிறார் என்றால் எங்கள் நிலையத்துக்குத் தீபாவளி. நேற்றே வாசலில் சுண்ணாம்பு அடித்தாயிற்று. என் அலமாரியில்தான் பாதி தட்டு காலி. கேட்ட மருந்தை மேலே இருந்து அனுப்பினால்தானே? பக்கத்து நிலையத்து ஞானசேகரனிடம் சொல்லி, அவரிடமிருந்து பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினேன். கௌசிகாதான் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தாள். லேபிள் முன்னால் தெரியும்படி அடுக்குவதில் அவள் கெட்டிக்காரி, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே செய்கிறாள்.

டி.டி. அலமாரியை மேலும் கீழும் பார்த்து, "குட்" என்றார். சாயங்காலம் பெட்டிகள் ஞானசேகரனிடம் திரும்பிப் போய்விட்டன. அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது என்னுடையது அங்கே போகும். இது மொய் மாதிரி. இதில் பொய் ஒன்றும் கிடையாது. வருகிற பெரிய மனிதருக்கு நிறைவாகக் காட்டுவது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

ஜூன் 9

மிஷன் காலேஜைப் பார்க்கப் போனோம். கௌசிகாவின் தேர்வு. அங்கே படிக்கிற ஒரு சீனியர் பெண்ணிடம் போனில் பேசிப் பேசி, காலேஜையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாள்.

காலேஜா அது! வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம். மழைத் தண்ணீர் ஒழுகி, சுவரெல்லாம் படை பிடித்தது போல் இருந்தது. ஒட்டியிருக்கும் ஆஸ்பத்திரியில் எள் போட்டால் எள் விழாது. படுக்கையில் ஆள், படுக்கைக்குக் கீழே ஆள், வராந்தாவில் பாய் போட்டு ஆள். ஒவ்வொரு நோயாளிக்கும் துணைக்கு மூன்று பேர், அந்த மூன்று பேருக்கும் தூக்குப்போசியில் சோறு. ஃபினாயில் வாடையும் ரசவாடையும் சேர்ந்து அடித்தது.

வார்டில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், ஃபைலை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு வயதான டாக்டரிடம், "சார், இவருக்குக் கிட்னி வேலை குறைஞ்சிருக்கு, இந்த டோஸ் தாங்காது" என்று வாதாடிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைச் சுளித்தார். பிறகு பேனாவை எடுத்து அடித்துவிட்டு வேறு எழுதினார். "அந்த அக்காதாங்கப்பா" என்று கௌசிகா என் கையைப் பிடித்தாள்.

முதல்வரைப் பார்க்கப் போனால், அவர் ஹவாய் செருப்பும் சுருட்டிவிட்ட சட்டைக் கையுமாக வார்டுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே பேசுகிறார். அறையில் இருந்த நாற்காலிகளில் எல்லாம் ஃபைல். நான் நின்றுகொண்டேதான் பேசினேன். நானும் இந்தத் துறைதான் என்றேன். "சந்தோஷம்" என்றார், அதோடு சரி. கௌசிகாவை மட்டும் உட்காரவைத்து, ஏதேதோ மருந்தைக் கேட்டார். அவளும் சொன்னாள். "சீட் தர்றேன். ஆனா முதல் மூணு மாசம் தினம் அழுவே, பரவால்லியா?" என்றார். இவள் பல்லெல்லாம் தெரியத் தலையாட்டுகிறாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. சுகாதாரம் போதாது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 15

பைபாஸ் ரோட்டில் புதிதாக எழும்பியிருக்கிற காலேஜைப் பார்த்துவிட்டு வந்தோம். அந்தக் காலேஜுக்கு ஆள் சேர்த்துவிடுகிற ஏஜென்ட் குப்புராஜ்தான் கூட்டிப்போனார். "புதன்கிழமை வாங்க சார், அன்னிக்குத்தான் எங்க ஆஸ்பத்திரி பாக்க நல்லா இருக்கும்" என்று நாளையும் அவரே சொன்னார்.

வெறும் நல்லாவா இருந்தது! வாசலில் வாழைமரம், பூசணிப்பூ வைத்த கோலம். உள்ளே காலேஜ் பஸ்கள் வரிசையாக நின்றன. கேட்டால், சுற்றுவட்டாரத்துக் கிராம ஜனங்களை ஆஸ்பத்திரிக்கு இலவசமாகவே கூட்டிவருகிறார்களாம். முதல்வர் கோட்டு சூட்டுப் போட்டவர். எழுந்து நின்று, "வாங்க ஃபார்மசிஸ்ட் சார்" என்றார். சுழல்நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்தார். இளநீர் வந்தது. ஃபார்மசிஸ்ட் சார்! என் காதால் இதைக் கேட்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அறுநூறு படுக்கை. ஒன்று விடாமல் ஆள். எல்லோருக்கும் மடிப்புக் கலையாத புதுப் போர்வை. தலைவாரி, திருநீறு பூசி, ஒழுங்காகப் படுத்திருந்தார்கள். துணைக்கு ஆளும் கிடையாது, தூக்குப்போசியும் கிடையாது, சத்தமும் கிடையாது. என்னைப் பார்த்ததும் ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, நான் கேட்காமலே, "வயித்து வலிங்க, மூணு நாளாச்சுங்க" என்றார். அடுத்த கட்டில்காரருக்கும் மூன்று நாளாய் வயிற்று வலிதான். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் சரியில்லை போலிருக்கிறது.

அந்த நேரத்தில் டெல்லியிலிருந்து யாரோ நாலு பேர் வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். முதல்வர் எங்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். டெல்லிக்காரனே வந்து பார்க்கிற காலேஜ் என்றால் சும்மாவா?

திரும்பி வரும்போது கௌசிகா, "அப்பா, ஒருத்தர் கையிலகூட ட்ரிப் ஏறலீங்க, பாத்தீங்களா? கட்டில்ல தொங்கற சீட்டெல்லாம் வெறும் காகிதமுங்க" என்றாள். எதிலும் குற்றம் கண்டுபிடிப்பது இந்த வயதின் கோளாறு. நல்ல ஆஸ்பத்திரி, ட்ரிப் ஏற்றுவதற்குள் குணமாகிவிடுகிறது என்றேன். குப்புராஜ் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஜூன் 16

கௌசிகா காலையில் சாப்பிடவில்லை. வெயில்தான்.

ஜூன் 22

இன்று முடிவாகிவிட்டது. சுலபத்தில் ஆகவில்லை.

"மிஷன்லயே சேத்துவிடுங்கப்பா. எனக்கு வார்டு வேணும். நிசமான வார்டு" என்றாள்.

"அறுநூறு பேர் படுத்திருந்ததை உன் ரெண்டு கண்ணாலயும் பாத்தியல்லோ?"

"பாத்தேனுங்க. அதனாலதான் சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி இருக்கிறேன், எனக்கு வார்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். அந்தப் பரதேசிக் கட்டடத்தில், படுக்கைக்குக் கீழே படுத்திருப்பவனிடம் சீக்கு வாங்கிக்கொண்டு வருவதற்கா உன்னைப் படிக்கவைத்தேன் என்று கத்தினேன். பெத்த அப்பனுக்கு நாற்காலி போடத் தெரியாதவன் உனக்கு என்ன மரியாதையைச் சொல்லிக்கொடுப்பான் என்றும் கேட்டேன். கடைசியாகச் சொன்னதை எழுதியிருக்க வேண்டியதில்லை, அது பேச்சுவாக்கில் வந்தது.

சம்பூர்ணம் சமையலறையிலிருந்து, "இதுக்குத்தான் ஜாதகத்தை எடுக்கலாம்னேன்" என்றாள். கௌசிகா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். "சரிங்கப்பா, பைபாஸ் காலேஜுலயே சேர்றேன்" என்றாள்.

மனப்பூர்வமாகச் சம்மதித்துவிட்டாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

ஜூலை 11

சேர்த்துவிட்டு வந்தோம். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கிப் பத்திரமாக அவர்களே வைத்துக்கொண்டார்கள். நமக்குத் தொலைந்துபோகுமே என்ற கவலை இல்லை.

ஆகஸ்ட் 14

வெள்ளைக் கோட்டுப் போட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புடன் போட்டோ அனுப்பியிருக்கிறாள். சன்னலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். டாக்டரம்மாவுக்கும் காட்டினேன். "ஓ, நைஸ்" என்றார். அடுத்த வாக்கியத்தில் ஃபேனைப் போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 30

போனில் பேசினேன். வார்டில் இன்றைக்கு என்ன கேஸ் பார்த்தாய் என்றால், "நல்லா இருக்குங்கப்பா" என்கிறாள். மெஸ்ஸில் என்ன சாப்பிட்டாய் என்றாலும் அதே பதில். படிப்பு அதிகம் போலிருக்கிறது, பேசவே நேரமில்லை.

அக்டோபர் 6

ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தாள். இளைத்திருக்கிறாள். வந்தவள் வீட்டில் இருந்தாளா? காலையில் என்னோடு கிளம்பி, நிலையத்துக்கு வந்து, என் சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை வாங்க வருகிறவர்களைப் பிடித்துவைத்துக் கேள்வி. எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, விட்டுவிட்டால் என்ன பண்ணுவீர்கள்? வரிசை ரோடு வரைக்கும் நீண்டுவிட்டது.

"அங்க அறுநூறு பேர் உனக்காகப் படுத்திருக்கையில, இங்க வந்து எதுக்கு என் பொழப்பைக் கெடுக்கிறே?" என்றேன்.

"இவங்களுக்கெல்லாம் நிசமாலுமே நோவு இருக்குதுங்கப்பா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் வரை ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீட்டுப் பந்தியில் பிச்சைக்காரன் உட்கார்ந்தது போல அப்படி ஒரு பசி அவள் முகத்தில். பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

நவம்பர் 17

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பாவாயி என்று ஒரு அம்மாள். ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு மாதம் தவறாமல் வருகிறவள். இந்த மாதம் வரவேண்டிய நாளில் வரவில்லை. இன்று வந்தாள். ஏன் வரவில்லை என்று அதட்டினேன்.

"அன்னிக்குப் பைபாஸ் ஆசுபத்திரியில படுக்கப் போயிட்டேனுங்க மாத்திரக்காரரே" என்றாள்.

"என்ன உடம்புக்கு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. குப்புராஜு பஸ்ஸு வைப்பானுங்க. எங்கூர்ல இருந்து ஒரு பஸ்ஸு, மேக்கால இருந்து ரெண்டு. சென்னை ஆபீசருங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் படுத்திருக்கோணும். மத்தியானம் கறிச்சோறு. போர்வையை மட்டும் திருப்பிக் குடுத்தரோணும்."

நான் மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். கத்தரி அங்கேயே நின்றுவிட்டது.

"உங்க அம்மணிதான் வந்து எங்கையைப் புடிச்சு நாடி பாத்துச்சு. வெள்ளைக் கோட்டுல என்ன லட்சணமா இருக்குது! ஆபீசரு போனதுக்கப்புறமும் எங்கிட்டயே உக்காந்துக்கிட்டு, கொதிப்பு மாத்திரையை நேரத்துக்குச் சாப்புடறீங்களான்னு கேட்டுச்சு. பஸ்ஸு கிளம்பற வரைக்கும் உடலீங்க."

வரிசையில் அடுத்து நின்றவர் தட்டினார். கொடுத்து அனுப்பினேன். யாருக்கு என்ன கொடுத்தேன் என்று சத்தியமாக நினைவில்லை.

வீட்டுக்கு வந்து கௌசிகாவைக் கூப்பிட்டேன். மறைக்கவில்லை. மருந்து வாங்க வரும் ஓரிரு பேரைத் தவிர ஆஸ்பத்திரிக்கு ஆளே வருவதில்லையாம். வார்டைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். போன வருஷத்து மாணவர்கள் எழுதிய கேஸ்களைப் பார்த்துப் பெயரை மாற்றி எழுதச் சொல்கிறார்களாம்.

"எப்ப அம்மணி உனக்குத் தெரியும்?"

"பாக்கப் போன அன்னிக்கேங்கப்பா. டி.டி. வர்றப்ப நம்ம அலமாரி எப்படி இருக்குமோ அப்படியே இருந்துச்சு."

"அப்ப ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"சொன்னேனுங்களே. நீங்க சிரிச்சீங்க."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 18

மொய்யும் இதுவும் ஒன்றா? நான் அடுக்கியது மருந்து. அவர்கள் அடுக்குவது மனிதர்களை. ஒன்றே இல்லை.

நவம்பர் 21

லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பைபாஸ் காலேஜுக்குப் போனேன். வாழைமரம் இல்லாத நாளில் அந்த வாசல் ஒரு குடோன் போல இருக்கிறது. ஆண்கள் வார்டின் கதவில் பூட்டு. சன்னல் வழியாகப் பார்த்தேன். வரிசையாக இரும்புக் கட்டில்கள், மெத்தைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. கடைசிக் கட்டிலின் மேல் வாட்ச்மேன் வீட்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இந்த மிளகாயைக் காட்டித்தான் என் மகள் ரெசிடென்சி இன்டர்வியூவில் பதில் சொல்ல வேண்டும்.

வாசலுக்கு வந்து செல்போனை எடுத்தேன்.

மிஷன் காலேஜுக்குப் போன் போட்டேன். அந்தச் செருப்புக்கால் முதல்வரே எடுத்தார். நான் யார் என்று சொன்னதும் அவருக்கு நினைவிருந்தது. "நல்ல பொண்ணாச்சே! அவளுக்காக ரெண்டு வாரம் சீட்டைப் பிடிச்சு வச்சிருந்தேன், நீங்க வரலை. இப்ப அட்மிஷன் முடிஞ்சிருச்சு. அடுத்த வருஷம் வேணும்னா புதுசா முயற்சி பண்ணுங்க, அந்தச் சர்டிபிகேட்டெல்லாம் வாங்கிட்டு வாங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேரே பைபாஸ் காலேஜ் முதல்வர் அறைக்குப் போய்ச் சர்டிபிகேட்டைக் கேட்டேன். அதே கோட்டு, அதே சுழல்நாற்காலி. இம்முறை இளநீர் வரவில்லை.

"கோர்ஸ் முடியாம தர்றதில்ல சார். உங்ககிட்ட உள்ளதைச் சொல்றேன். ஜூன்ல வந்த டெல்லிக்காரங்க சந்தேகப்பட்டுட்டாங்க. ஜனவரியில திரும்ப வர்றாங்க. அதுல போச்சுன்னா காலேஜோட அப்ரூவலே போயிடும். அப்புறம் உங்க பொண்ணு படிச்ச படிப்பே செல்லாது. ரெசிடென்சி அது இதுன்னு சொல்லிட்டு இருந்துச்சே, அதை மறந்துட வேண்டியதுதான்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க சன்னலுக்கு நிறைய ஜனம் வருது இல்லீங்களா, ஃபார்மசிஸ்ட் சார்?"

டிசம்பர் 2

சம்பூர்ணம் என்ன நடக்கிறது என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்றேன்.

டிசம்பர் 19

யார் என்ன சொன்னாலும் சரி. கிணற்றில் தள்ளியவன் நான்தான், கயிறு போட வேண்டியவனும் நான்தான். என் மகளின் பட்டம் செல்லாமல் போவதற்கு நான் விடமாட்டேன். குப்புராஜ் கொண்டுவருகிற ஆட்கள் பார்த்தால் தெரிகிறமாதிரி ஆரோக்கியமாக இருக்கிறார்களாம். அதனால்தான் சந்தேகமாம். என்னிடம் வருகிறவர்களுக்கு இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் அசலாகவே உண்டு. ஒரு நாள் போய்ப் படுத்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? கறிச்சோறு கிடைக்கும்.

மாத்திரை கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமாகச் சொல்லிவைக்கிறேன். ஒருவரும் மறுக்கவில்லை. மாதா மாதம் மாத்திரை கொடுக்கிற கையை யார் மறுப்பார்கள்?

ஜனவரி 8

கௌசிகாவிடம் போனில் சொன்னேன், எல்லாவற்றையும் அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று.

"எதைப் பாத்துக்கறீங்க?" என்றாள். சொன்னேன்.

"அவங்க உங்களை நம்பி மாத்திரை வாங்க வர்றவங்கப்பா" என்றாள்.

உனக்காகத்தானே செய்கிறேன் என்றேன். அதற்கு அவள் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 20

இன்று நடந்தது.

எங்கள் ஊர் பஸ்ஸில் நானே போனேன். ஜனங்கள் திருவிழாவுக்குப் போகிற குஷியில் இருந்தார்கள். போய் இறங்கிக் கணக்குப் பார்த்தால் ஆண்கள் வார்டில் ஒரு கட்டில் காலி. தறிக்காரர் ஒருவர், கிட்னியை எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, பைபாஸில் டீ குடிக்க நிறுத்தியபோதே இறங்கி ஓடிவிட்டாராம். டெல்லிக்காரர்களின் கார் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. குப்புராஜுக்கு வேர்த்து ஊற்றியது.

"சார், நீங்களே படுத்துருங்க. உங்களைப் பாத்தாலும் நோயாளி மாதிரித்தான் இருக்குது. எது கேட்டாலும் மூட்டுவலின்னு சொல்லிருங்க."

சட்டையைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் வார்டிலிருந்து பாவாயி எட்டிப் பார்த்து, "அட, மாத்திரக்காரரே, நீங்களுமா!" என்று கைகொட்டிச் சிரித்தாள். அவளை யாரோ அதட்டிப் படுக்கவைத்தார்கள்.

வந்தவர்களில் ஒருவர் இந்திக்காரர். இன்னொருவர் தமிழ் பேசுகிற அம்மாள், மூக்குக்கண்ணாடி, கண்டிப்பான முகம். கட்டில் கட்டிலாக வந்தார். என் கட்டிலுக்கு வந்ததும் நின்று, பின்னால் வெள்ளைக் கோட்டுகளோடு நின்ற மாணவிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ வா. இவர்கிட்ட மெடிக்கேஷன் ஹிஸ்டரி எடு. என் கண் முன்னால எடு."

கௌசிகா வந்தாள்.

அவள் முகம் மாறவில்லை. அதை நான் கவனித்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "ஐயா, உங்க பேருங்க?" என்றாள்.

"அர்த்தநாரி."

"என்ன தொந்தரவுங்க?"

"மூட்டுவலி."

"அது இருக்கட்டுங்க. தெனமும் என்ன மாத்திரை சாப்புடறீங்க?"

மூட்டுவலிக்கு ஒரு மாத்திரைப் பெயரைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாத பெயரா? ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை, அந்த அக்டோபரில் என் சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜனங்களைப் பார்த்த அதே பார்வை. அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை, ரெண்டு வருஷமாக, என்றேன். இதை நான் இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. வீட்டில் தெரிந்தால், எனக்கு ஒன்று ஆவதற்குள் மகள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று சம்பூர்ணம் அன்றைக்கே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள்.

அவள் பேனா நின்றது. பிறகு ஓடியது.

"யாருங்க எழுதிக் குடுத்தாங்க?"

"நானாத்தான் சாப்புடறேன். டாக்டர்கிட்டக் காட்டலை."

"கடைசியா எப்ப ரத்தம் பாத்தீங்க?"

"பாக்கலை."

எழுந்து என் கால்மாட்டுக்குப் போனாள். போர்வையை விலக்கி, பேனாவின் முனையால் உள்ளங்காலைத் தொட்டாள். "இங்க தெரியுதுங்களா?" தெரியவில்லை. "இங்க?" தெரியவில்லை. பெருவிரலை அவள் பிடித்திருந்ததே எனக்குப் பார்த்துத்தான் தெரிந்தது. குனிந்திருந்த அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு என் காலில் விழுந்தது, அதுவும் தெரியவில்லை.

மூக்குக்கண்ணாடி அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்திக்காரரிடம் ஏதோ சொன்னார். முதல்வர் முகத்தில் உயிர் வந்தது. அத்தனை கட்டிலில் சொல்லிக்கொடுக்காத பதில் வந்தது இது ஒன்றில்தான் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

"ரொம்ப நல்லாக் கேக்கறே. யார்கிட்டக் கத்துக்கிட்டே?"

"இங்கதானுங்க மேடம்."

"மேல என்ன பண்ணப்போறே?"

"ரெசிடென்சிக்குப் போகலாம்னு இருந்தேனுங்க."

இருந்தேன் என்றாள். அந்த அம்மாள் அதைக் கவனிக்கவில்லை.

"கண்டிப்பாப் போகணும். ஆனா ஒண்ணு விட்டுட்டே பார். கேஸ் ஷீட்ல கீழே ஒரு வரி இருக்கும். தகவல் சொல்றவர் நம்பத் தகுந்தவரா? அதையும் நிரப்பணும். இவர் சொல்றதை நம்பலாமா?"

கௌசிகா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடியாதுங்க மேடம்."

"ஏன்?"

"தனக்குத் தெரிஞ்சதை ஊட்டுல சொல்ல மாட்டாருங்க. அடுத்தவங்க சொன்னாலும் கேக்க மாட்டாருங்க."

"குட் அப்சர்வேஷன். அப்படியே எழுதிக்கோ" என்று அந்த அம்மாள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

எழுதினாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுகிறவன் நான், இதைப் படிக்க அந்தத் திறமை வேண்டியிருக்கவில்லை. குண்டு குண்டாக, யாரும் படிக்கும்படி எழுதி, கட்டிலின் கம்பியில் மாட்டிவிட்டுப் போனாள்.